ஏக்

12.6.2008, வியாழன்

கடலூரில் சரக்கை இறக்கிவிட்டு மதியம் சிதம்பரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கும் மாமாவுக்கும் பிறந்த ஒரே மகன் பாபு செத்துப்போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் தனியாக விட்டால் நான் ஏதாவது செய்துகொள்வேன் என்று பயந்துதான் மாமா என்னையும் லாரியில் ஏற்றி ராஜஸ்தான் வரைக்கும் கூட்டிப்போனார். மணல்காடு, மண் பிளந்த பள்ளத்தாக்கு, ராஜா கோட்டை எல்லாம் காட்டினார். எதுவும் மனதில் ஒட்டவில்லை.

கோட்டை இருந்த ஊரில் டீக்கடைக்காரி இந்தியில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். மாமா ஒரு விரலைக் காட்டி "ஏக்" என்றார். வழியெல்லாம் அந்த விரலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்றைக்குச் சாப்பிட்டதும் ரேஷன் கார்டைக் கையில் எடுத்தார்.

"நாளைக்குப் போயி அவன் பேரை எடுத்துட்டு வந்துடுறேன் புள்ள. கடையில கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அங்க மட்டும் ஒண்ணுன்னு சொன்னீங்களே மாமா?"

"அது நம்மள யாருக்கும் தெரியாத ஊரு. அங்கயாவது இருந்துட்டுப் போவட்டுமேன்னுதான் சொன்னேன்."

கார்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். காலையில் தேடுவார். கொடுக்க மாட்டேன். அந்த டீக்கடைக்கே திரும்பக் கூட்டிப்போங்கள் என்று காலில் விழப்போகிறேன். அங்கே பாபுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.