கோபுரத்தின் முன் எடுத்த படம்

வாப்பா,

கூடத்துச் சுவரிலிருந்து உங்கள் படத்தை இன்று கழற்றிவிட்டேன். மதியம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் உங்கள் பேரன் ஏறி, இரண்டு கைகளையும் விரித்து நின்றான். இழுத்து இறக்கி அடித்தேன். "நன்னா மட்டும் நின்னாங்கள்ல?" என்று உங்களைச் சொல்லி அழுதான். ஐந்து வயது.

உலகத்திலேயே உயரமான துபாய்க் கோபுரம் பின்னால் ஊசிபோல நிற்கும் படம். நீங்கள் நின்றதோ அதற்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த, நீங்கள் வேலை பார்த்த, பெயரே வைக்காத ஒரு கட்டடத்தின் விளிம்பில். விடுமுறையில் ஊருக்கு வந்தால், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "சேஃப்டி பெல்ட்டக் கழட்டிட்டுத்தான் நின்னேன். கயிறு தெரிஞ்சா போட்டோ நல்லாவா இருக்கும்?" என்று சிரிப்பீர்கள். ஆறாம் வகுப்பில் அந்தப் படத்தை வைத்துப் பீற்றிக்கொண்டவள்தான் நானும்.

படுக்கையில் விழுந்த பிறகு, உம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, மீதியைச் சொன்னீர்கள். படம் எடுத்தவர் உங்கள் கூட்டாளி, பட்டினச்சேரி முருகையன். அடுத்து அவர் பெல்ட்டைக் கழற்றினார். கேமரா உங்கள் கையில். "உன் தல கோபுரத்த மறைக்குது. இன்னும் ஓரடி தள்ளி நில்லுடா" என்றீர்கள். நின்றார். விழுந்தார்.

ஊருக்கு, வேலையில் கால் தவறியதாகச் சொன்னீர்கள். அவர் மனைவி செல்வியக்கா பெருநாள்தோறும் வந்து படத்தின் முன் நிற்பார். "எங்க வீட்டுக்காரரு எடுத்தது. எவ்ளோ தெளிவா இருக்கு பாரு!" பக்கத்தில் நின்று தலையாட்டினீர்களே, அதை நான் மன்னிக்கப்போவதில்லை. "ஒன்ட்ட சொல்லிட்டேன்மா, பாரம் எறங்கிருச்சு" என்றீர்கள். எங்கே இறங்கியது? என்மேல்தானே ஏறியது?

நீங்கள் போன பிறகும் செல்வியக்கா வந்தார். "வாப்பா இல்லேன்னு இதக் கழட்டிடாதடி தங்கம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

பெருநாளுக்குள் திரும்ப மாட்டச் சொல்கிறார் உம்மா. மாட்ட மாட்டேன். நாளைக் காலை பட்டினச்சேரிக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அந்த அக்கா என் முகத்தில் காறித் துப்பினாலும் சரி.

ஆனால் ஒன்று. ஆணியிலிருந்து படத்தை எடுத்ததும் என் மனத்தில் முதலில் வந்தது செல்வியக்கா முகமல்ல. கண்ணாடி உடைந்துபோய்விட்டது என்று சொன்னால் நம்புவாரா என்பதுதான். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா வாப்பா! உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது. நாளை அவர் வாசலில் நிற்கும்போதும் அந்தப் பொய் என் வாய்க்குள் இருக்கும்.