பீப்பாய்க்குள் இறங்கிய டியூப்

மைசூர்,
12 ஆகஸ்டு 1996

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் அஷ்வினியும் மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்கச் சாமுண்டியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே தெருக்குழாயில் கொஞ்ச நாளாகச் சாணி நிறத்தில் தண்ணீர் வந்து, பக்கத்து வீட்டு கௌரம்மாவின் பேரனை வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இப்போது தேறிவிட்டான். தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் கௌதள்ளி ஊர்க்காரி கெம்பம்மாவின் கொட்டகைத் தண்ணீர்தான் ஓட்டைக் குழாயில் இறங்குகிறது என்று தெருக்கூட்டத்தில் உன் அப்பா பேசினார், நன்றாகவே பேசினார், கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவானது, அவளும் சந்தைக்கு ஓட்டிப்போக ஆள் தேட ஆரம்பித்தாள்.

அப்பா ரோஜாவுக்குச் சாணி கரைத்து வைக்கும் பீப்பாய் உனக்குத் தெரியும். தண்ணீர் விழும் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியவில்லையென்று குழாயில் மாட்டிய டியூபை அடிவரை இறக்கி வைப்பார். சனிக்கிழமை காலை தண்ணீர் நின்றதும், கௌரம்மா தெருக்குழாயோடு நேராக மாட்டியிருக்கும் மோட்டார் (எல்லோரும் மாட்டியிருப்பதால் அது குற்றமில்லை) ஓடிக்கொண்டிருக்க, நம் பீப்பாயின் சாணித் தண்ணீர் டியூப் வழியாகத் தெருக்குழாய்க்குள் இழுபட்டு மளமளவென்று வற்றியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காற்றழுத்தத்தைப் பற்றி ஏதோ விளக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். வெளியே சொன்னால் தலைகாட்ட முடியாதே என்றார், சொல்லாவிட்டால் மாடு போய்விடுமே என்றேன். பாவம், மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, கடைசியாகக் கெம்பம்மா வாசலில் நின்று, "தப்பு என்னுதும்மா, மாட்டை விக்காதே" என்றார். வறட்டி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமல், "அந்தச் சாணியும் என்ற மாட்டுதுதானுங்களே சாமி, நாந்தானே கொடுத்தேன்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று குழாய் வேலை பார்க்கும் காளிதாஸ் வந்து, தண்ணீரை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்றைப் பொருத்தினார். அதுவும் பழுதாகுமாம், அவ்வப்போது சோதிக்க வேண்டுமாம். இன்று பீப்பாயைக் கழுவி மஞ்சள் கரைத்து டியூபை முக்கி வைத்தார்கள், குழாயில் தண்ணீர் நின்ற பிறகு மஞ்சள் தண்ணீரின் மட்டம் இறங்கக் கூடாது. தன் கண்ணை நம்பாமல் அப்பா கெம்பம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்து, "நிக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம்தான் மனிதர் பால் வாங்கப் பாத்திரத்தை எடுத்தார்.

அங்கேயும் டியூப் வாளித் தண்ணீரில் முங்காமல் ஒரு சாண் மேலேயே நிற்கட்டும், அஷ்வினியிடமும் சொல். இருவரும் நோயின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

உன் அம்மா,
கனகா