தவறணைக்காரரின் மகன்

அன்புள்ள அண்ணை,

நேற்று லண்டனில் வாப்பிங் பக்கம் ஒரு செய்திக்காகப் போனவன், வேலை முடிந்ததும் அந்தப் பழைய மதுச்சாலைக்குள் நுழைந்தேன். கதவைத் திறந்தவுடனே தேன்மெழுகு பூசித் துடைத்த மரத்தின் வாசனை வந்தது. சனிக்கிழமைகளில் உங்கள் கோட்டிலும் அதே வாசனைதான் இருக்கும்.

கிழக்கே போகும் கப்பல்களின் கப்டன்மார் கூடிக் குடித்த இடம். எங்கள் பக்கத்து மிளகுக்கும் கறுவாவுக்கும் அந்த நீண்ட மேசையில்தான் விலை பேசினார்களாம். குடி நின்று மியூசியமாகி வெகுகாலம்; வெள்ளீயக் குவளைகள் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டன. வாரநாட்களில் தபால் பிரிக்கும் வேலையும் சனிக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாத வழிகாட்டி வேலையுமாக நீங்கள் இருந்த எண்பதுகளின் கடைசியை நினைத்துக்கொண்டு அந்த மேசையருகில் நின்றேன்.

தமிழில் ஒரு வழிகாட்டிச் சுற்று நடத்த வேண்டும் என்று பொறுப்பாளரான ஆங்கிலேயப் பெண்மணியிடம் பல மாதம் கேட்டீர்கள். ஒருமுறை செய்து பார்ப்போம், சரிவந்தால் மாதாமாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சம்மதித்தார். லூயிஷாமிலிருந்து எங்கள் மூத்தோர் சங்கத்தை பஸ்ஸில் கூட்டிவந்தீர்கள். செய்தி எழுத நானும் வந்தேன்.

பஸ்ஸால் இறங்கியவர்கள் வாசலில் தொங்கிய பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். பீப்பாயும் குவளையும் வரைந்த பலகை. ஒருவரும் அசையவில்லை.

"தம்பி, மியூசியம் எண்டெல்லோ சொன்னனீர்? இது தவறணையெல்லோ!" என்றார் இளைப்பாறிய தபாலதிபர். ஊரில் கள்ளு விற்கும் இடத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் அதுதான்.

"புரட்டாதிச் சனியும் அதுவுமா, விரதகாரரைக் கொண்டுவந்து விட்டிருக்கிற இடத்தைப் பாருங்கோவன்," என்றார் பரமேசு அன்ரி.

"என்ர மனுசன் இருந்திருந்தால் இப்ப முதல் ஆளா உள்ளுக்க நிண்டிருப்பார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் படி ஏறவில்லை. பொறுப்பாளர் கதவைப் பிடித்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்க ஒரு சொட்டும் இல்லை, ஐயா," என்றீர்கள்.

"சொட்டு இல்லாட்டிலும் தவறணை தவறணைதான். தவறணைக்காரருக்கும் எங்களுக்கும் என்ன தம்பி தொடர்பு?"

அந்தக் கேள்வியை நீங்கள் சிரித்துத் தள்ளிவிட்டிருக்கலாம். லண்டனில் யார் உங்கள் தகப்பனாரைப் பற்றிக் கேட்டாலும், "ஊரில வியாபாரம்," என்பீர்கள். என்ன வியாபாரம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடையே அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது இருவருக்கும் தெரியும். அதிலும், தபாலதிபரின் பெறாமகனுக்கு, அவருடைய தம்பி மகனுக்கு, உங்கள் மகளைச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

படியில் ஏறி, எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றீர்கள்.

"நான் தவறணைக்காரன்ர மகன், ஐயா. சந்தைக்குப் பின்னால இருந்த தவறணையில கள்ளு அளந்தவர் என்ர ஐயா. தான் ஒருநாளும் வாயில வைச்சதில்லை. என்னைப் படிப்பிச்சது அந்தத் தொழில்தான். நான் இண்டைக்கு உங்களுக்குக் காட்டப்போறது அவற்ற தொழில். விருப்பமானவை வாங்கோ."

உங்கள் குரல் உயரவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டிய என் பேனாதான் கொஞ்சம் நின்றது.

பரமேசு அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "விரதம் வயித்துக்குத்தானே, கண்ணுக்கு இல்லையே. விலத்துங்கோ, கால் உளையுது." அவர் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். தபாலதிபர் மட்டும் வெளியிலேயே நின்றார்.

உள்ளே, நுரையைக் காட்டிக் குவளையை நிரப்பி ஏமாற்றிய கடைக்காரர்களைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. அதைத் தமிழில் சொல்லிவிட்டு, "எங்கட ஐயா நுரையை ஊதிப்போட்டு, அடங்கினாப் பிறகுதான் அளப்பார். நுரையை விக்கிறவன் வியாபாரியில்லை எண்டுவார்," என்றீர்கள். "அப்ப இங்கத்தைய வெள்ளைக்காரர் உங்கட ஐயாவிட்டப் படிச்சிருக்கவேணும்," என்றார் அன்ரி. அந்தப் பழைய உத்தரங்களுக்கடியில் தமிழ்ச் சிரிப்பு கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்ன பகிடி என்று பொறுப்பாளர் கேட்க, நீங்கள் ஆங்கிலத்திலும் அதையே சொன்னீர்கள், தகப்பனாரின் தொழிலையும் சேர்த்து.

பாதியில் தபாலதிபர் உள்ளே வந்தார். "வெளியில மழை," என்றார். மழை இருக்கவில்லை. ஒரு மூலையில் நின்று கடைசிவரை கேட்டார்.

பஸ் புறப்படுமுன் உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்: "அண்ணை, ஐயாவைப் பற்றி எழுதட்டோ? வேண்டாமெண்டால் விடுறன்."

"எழுதும். வியாபாரம் எண்டு எழுதாதையும். தவறணை எண்டே எழுதும்."

எழுதினேன். தமிழ்ச் சுற்று மாதாமாதம் நடந்தது. அந்தச் சம்பந்தம் அதற்குப் பிறகு பேசப்படவில்லை. நான் வருத்தம் தெரிவிக்க வந்தபோது நீங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "உள்ளுக்க வர விருப்பமில்லாத ஆக்கள் வாசலோட நிண்டது நல்லது. பிள்ளையும் அப்பிடித்தான் சொல்லுறாள்."

அந்தப் பிள்ளை தனக்குப் பிடித்தவனைக் கட்டி, இப்போது குட்மேய்ஸில் இருக்கிறாள். நீங்கள் போன அன்று மரண அறிவித்தலை எழுதும்படி என்னைத்தான் கேட்டாள். எங்கள் அறிவித்தல்களில் இளைப்பாறிய அதிபரும் பொறியியலாளரும் பட்டத்தோடு வருவார்கள். மற்றவர்களுக்கு வெறும் பெயர் மட்டும். இதுபற்றி உங்களோடு எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இப்போது யாருக்கு அறிவித்தல் எழுதினாலும் தகப்பன் என்ன தொழில் செய்தார் என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும் சொல்லையே போடுகிறேன். சிலர் தயங்குவார்கள். நான் காத்திருப்பேன்.

உங்கள் மகள் தயங்கவில்லை. நான் எழுதியதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாமா, அப்பப்பான்ர தொழில் கடைசியில வருது. அதை அப்பான்ர பேருக்கு முன்னால போடுங்கோ," என்றாள்.

முன்னால்தான் போட்டேன், அண்ணை.