தீ இல்லை என்று எழுதிய மச்சானுக்கு

கிழக்கே இவ்வளவு பெரிய கடல் இருக்க, மேற்கையே பார்த்துக்கொண்டிருந்த என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சலாம் சொன்னால் நீங்கள் முதலில் மேற்கு வானத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள், பிறகுதான் பதில் சொல்வீர்கள். ஆகவே இப்போது பதில் பிந்துவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி இரண்டு நோன்பு கழிந்துவிட்டது. உங்கள் மனைவி, என் ராத்தா, சுகம். முழங்காலைத் தவிர வேறு யாரோடும் அவளுக்குச் சண்டை இல்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில், நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் இடத்தில் இப்போது ஒரு கொத்துரொட்டிக் கடை வந்திருக்கிறது. அது விடுகிற புகைக்கு நீங்கள் தினமும் ஓர் அறிக்கை எழுதியிருப்பீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. நீங்கள் தீக்குக் காவல் இருந்த கோபுரத்துக்குச் சரித்திரம் எழுதப் போகிறார்கள். உல்லாசப் பயணிகள் ஏறிப் பார்க்கப் புதுப் படிக்கட்டு போட்டாயிற்று. கீழே ஒரு பலகை நடவேண்டும். அதற்கான தமிழை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஏன் என்னை என்று கேட்காதீர்கள். கல்முனையில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த வாரம் வேலையாக இருந்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. இறக்காமத்துக்கு அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறை மலை. உச்சியில் நான்கு இரும்புக் கால்களின் மேல் ஒரு பலகை அறை. தேக்குக் கன்றுகள் நட்ட காலத்தில், அவை எரியாமல் இருக்க ஓர் ஆள் மேலே இருந்து பார்க்கவேண்டும் என்று கட்டினார்கள். பார்த்தவர் அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதைக் கட்டி முடித்த பிறகே யோசித்தார்கள்.

தொலைபேசி இல்லை. புகையைக் கண்டவர் மலையிறங்கி, சைக்கிள் மிதித்து, வன இலாகாக் கந்தோருக்குப் போய்ப் படிவம் நிரப்பவேண்டும். அதற்குள் தீ தன் வேலையை முடித்திருக்கும். எரியாமல் மிஞ்சுவது அந்தப் படிவம் மட்டும்தான்.

நீங்கள் ராத்தாவை முடித்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த வருடம்தான் அந்த வேலையும் கிடைத்தது. வீடு ராத்தாவின் சீதனம். நான் அதில் ஒட்டிக்கொண்டிருந்த தம்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து, சனிக்கிழமை சுபஹுத் தொழுகையோடு புட்டுப் பொட்டலத்துடன் மலைக்குத் திரும்புவீர்கள். கோபுரத்தடியில் நீங்கள் அடுப்பு மூட்டியதே இல்லை. “நான் புகைய விட்டா யாருக்கு அறிவிக்கிற?” என்பீர்கள்.

ஒரே வருடத்தில் நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். புகை தெரிந்த பிறகு கோபுரத்தால் பிரயோசனம் இல்லை. அதற்கு முன்னால் உண்டு. எரித்து விதைக்கும் சேனைப் பயிருக்காக வெட்டிய காடு மேலிருந்து பார்க்கப் பச்சையாகத் தெரியும். காயக் காய மண்ணிறமாகும். நன்றாகக் காய்ந்தால் சேனைக்காரர் தீ வைப்பார். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது வைத்தால் அந்தத் தீ சேனையோடு நிற்காது.

ஆகவே நிறம் மாறும்போதே கீழே இறங்கிப் போனீர்கள். போய், சேனைக்காரர்களின் தீப்பெட்டிகளை வாங்கிக்கொண்டீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உரியவரின் பெயரை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டீர்கள். காற்று விழுந்து அடங்கியதும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, சுற்றிவர வெறும் தரையாகச் செதுக்க வைத்து, எரித்து முடியும்வரை பக்கத்தில் நின்றீர்கள். பிறகு மேலே ஏறி, அன்றாடப் புத்தகத்தில் எழுதினீர்கள்: ‘காட்டுத் தீ இல்லை.’

இலாகாவுக்கு இது பிடிக்கவில்லை. மற்றக் கோபுரங்களிலிருந்து தீ அறிக்கை வந்துகொண்டிருந்தது. உங்களிடமிருந்து மட்டும் இரண்டு பருவமாக ஒன்றும் வரவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை பகல் நாம் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைத்தது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“இதுக்கு என்ன மச்சான் எழுதுற?” என்று கேட்டீர்கள்.

“நடந்தத எழுதுங்களன்.”

“இறங்கிப் போறத எழுத ஏலாது. கோபுரத்த விட்டு இறங்கினா வேல போயிடும்.”

“அப்ப, தீ வரல்லண்டு எழுதுங்க.”

“அதத்தானே ஒவ்வொரு நாளும் எழுதுறன். அதுக்குத்தானே விளக்கம் கேக்குறாங்க. நீதானே பெரிய எழுத்துக்காரன், எழுதித் தா பாப்பம்.”

எழுதித் தந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. உலகத்தில் என் அளவுக்கு வாசித்தவர்கள் குறைவு என்ற நம்பிக்கை. கடிதம் இதுதான்: ‘கடந்த இரு பருவங்களிலும் தீ எதுவும் ஏற்படாமைக்கு மிகவும் வருந்துகிறேன். இக்குறையை அடுத்த கச்சான் காலத்தில் நிவர்த்தி செய்ய ஆவன செய்வேன்.’

நீங்கள் தேத்தண்ணி மூக்கில் ஏறும்வரை சிரித்தீர்கள். “எழுத்துப் பிழை ஒண்டும் இல்லியே?” என்று கேட்டீர்கள். கையெழுத்து வைத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டீர்கள். அனுப்பத்தான் போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அனுப்பும்போது என்ன நினைத்தீர்கள் மச்சான்? கந்தோர்க் கடிதம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றா? அல்லது அவர்களுக்கும் சிரிக்கத் தெரியும் என்றா?

அதைச் சிங்களத்துக்கு மாற்றிய எழுதுவினைஞர் ஒரு சொல்லும் குறையாமல் மாற்றினார். அதிலிருந்த சிரிப்பை, பகிடியை மாற்றுவதற்கு மட்டும் அவருடைய பதவி போதவில்லை. விசாரணை வைத்தார்கள். யார் எழுதியது என்று கேட்டபோது, “நான்தான்” என்றீர்கள். மாவட்டத்தின் மறு அந்தத்தில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளை எண்ணும் வேலை தந்தார்கள். ராத்தா காரணம் கேட்டாள். “கட்டைகளையும் யாராச்சும் எண்ணத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டீர்கள்.

அடுத்த கச்சானில் மலையின் மேற்குச் சரிவு எரிந்தது. லீவில் வந்திருந்த நீங்கள் அதைக் கடற்கரையிலிருந்து பார்த்தீர்கள். எல்லோரும் வலையைப் பார்க்க, நீங்கள் மட்டும் பழுப்பாகிப்போன அந்த வானத்தைப் பார்த்தபடி மஃரிப் பாங்கு சொல்லும்வரை நின்றீர்கள். உங்களுக்குப் பதிலாக வந்தவர் ஒழுங்கான மனிதர். கோபுரத்தை விட்டு இறங்கவே இல்லை. தீயை முதலில் கண்டதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் பதவி உயர்வும் கிடைத்தன. அவர் விட்டுப்போன இடத்துக்கு வேறு யாரும் வர விரும்பாததால் உங்களைத் திரும்ப அனுப்பினார்கள்.

பிறகு யுத்தம். கோபுரத்தில் வேறு ஆட்கள் ஏறினார்கள், புகையைப் பார்க்க அல்ல. உங்களுக்குக் கந்தோர் மூலையில் ஒரு கதிரை. எல்லாம் முடிந்து நீங்கள் திரும்பிப் போனபோது பலகைச் சுவரெல்லாம் ஓட்டை. “காத்தோட்டம் நல்லா இரிக்கி” என்று வந்து சொன்னீர்கள். நீங்கள் பென்ஷன் எடுத்ததும், இனித் தீயை வானத்திலிருந்து செய்மதி பார்க்கும் என்று அறையைப் பூட்டிவிட்டார்கள். செய்மதி கீழே இறங்கித் தீப்பெட்டி வாங்குவதாக நான் இன்னும் கேள்விப்படவில்லை.

இனி, போன மாதம் நடந்தது. பலகை வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் தர்ஷினி என்று ஒரு வீரமுனைப் பிள்ளை. பழைய கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ராத்தா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“சேர், கோப்புல பெரிய தீ எண்டு ஒண்டுதான் இருக்கு. அத வச்சுத்தான் பலகைக்கு ஒரு முதல் நகல் எழுதியிருக்கு. ஒருக்கா பாருங்க.”

பார்த்தேன். கோபுரம் கட்டியவர்கள், திறந்தவர்கள், பெரிய தீ, அதைக் கண்டறிந்தவரின் விழிப்பு. நடுவில் ஒரு வரி: ‘தீக்கு முந்திய வருடம், தீ ஏற்படுத்தப்போவதாகக் காவலர் ஒருவர் எழுத்தில் அறிவித்திருந்தார்.’

மச்சான், கோப்பில் உங்களைப் பற்றி இருந்தது அந்த ஒரு கடிதம்தான். மலையில் நீங்கள் கழித்த காலம் முழுவதும் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தீர்கள். இல்லை என்பதை யாரும் சரித்திரத்தில் சேர்ப்பதில்லை.

“இது பகிடி,” என்றேன். “நான் எழுதினது. அவர் கையெழுத்து மட்டுந்தான் வெச்சார்.”

ராத்தா என்னைப் பார்த்தாள். நாற்பது வருடம் அவளுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாததற்குக் காரணம் நான். நான் சொல்லாததற்குக் காரணமும் நான்தான்.

“ஒன்ட பகிடியையா இவ்வளவு காலமும் அந்த மனிசன் சுமந்தாரு?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்தாள். “ஊரெல்லாம் ஒன்ட எழுத்த வாசிச்சிச் சிரிக்கிது. இந்த ஒண்ட மட்டும் நேரா எழுது. இல்லாட்டி இந்த வீட்டுல ஒனக்குத் தேத்தண்ணி இல்ல.”

நேராக எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஒரு வாரம் எடுத்தது. அந்தக் கடிதம் என்னுடையது என்று கைப்பட எழுதினேன். உங்கள் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்தேன். உள்ளே ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. உங்கள் எழுத்தில் ‘சோமபால’ என்ற பெயர். உங்கள் ஜனாஸாவுக்குப் பஸ் ஏறி வந்து, பள்ளிவாசல் படலையடியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு சேனைக்காரர் நின்றார், அவர்தான். அவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். “நான் வாறன், நடங்க” என்றார்.

போன கிழமை கோபுரத்தடியில் தர்ஷினியைச் சந்தித்தோம். அவள் என் கடிதத்தை வாசித்துவிட்டு, “சரி சேர், நீங்க எழுதினதெண்டு வைப்பம். ஆனா தீ வந்ததுதானே?” என்றாள்.

சோமபால டின்னுக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தார். அவர் தமிழ் அந்த நாளில் சந்தையில் பழகியது.

“இது என்ட. அந்த முறை குடுத்தது. பிறகு அவர மாத்திப் போட்டாங்க, பெட்டியும் வர இல்ல. அடுத்த வருசம் நான் கடையில வேற பெட்டி வாங்கினது. பக்கத்துல நிக்க ஆள் இல்ல. காத்து மாறிக் கிறுகினது நான் காண இல்ல, மகள். அந்த நெருப்பு என்ட சேனையில இருந்துதான் போனது.”

யாரும் கேட்காமலேயே சொன்னார். எனக்கு நாற்பது வருடம் எடுத்தது, அவருக்கு ஒரு பஸ் டிக்கட் எடுத்தது.

தர்ஷினி நகலில் அந்த வரியை வெட்டினாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். கொண்டுபோயிருந்ததைக் கொடுத்தேன். உங்கள் முழுப்பெயர், அதற்குக் கீழே இரண்டு வரி: ‘இக்கோபுரத்தில் காவலராக இருந்த இவர் அடிக்கடி கீழே இறங்கிப் போனார். அதனால் இவர் இருந்த காலமெல்லாம் இந்தக் காடு எரியவில்லை.’

“இறங்கினாரெண்டு எழுதினா மேலிடம் சம்மதிக்குமோ தெரியாது, சேர்,” என்றாள். ஆனாலும் அப்படியே அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

திரும்பும்போது, பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சோமபாலவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது சேனை இல்லை, வீட்டில் காஸ் அடுப்பு. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே குச்சிகள் சத்தமிட்டன. தலையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். “கச்சான் இன்னும் அடிக்குது. விழட்டும், வந்து எடுக்கிறன்” என்று சொல்லி, டின்னுக்குள் போட்டு மூடியை அழுத்தினார்.

டின் பழைய இடத்தில், உங்கள் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. காற்று விழுந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மேலிடம் அந்த இரண்டு வரியையும் வெட்டினால் பகிடி ஒன்றும் எழுதமாட்டேன். அதே இரண்டு வரியைத் திரும்ப எழுதி அனுப்புவேன். மறுபடி வெட்டினால் மறுபடியும். இந்த முறை கீழே கையெழுத்து என்னுடையது.

ராத்தாவின் தம்பி,
அந்தக் கடிதத்தை எழுதிய உங்கள் மச்சான்.