தலையில் ஊதக்காற்று படாமல்

பொலோனியா, திங்கள்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஈரத்தலையோடு வெளியே போவதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்து டர்பைனுக்கு இறக்கைகள் கிடையாது. நெருக்கமாக அடுக்கிய மெல்லிய வட்டத் தகடுகள்தான். இடுக்கில் புகும் காற்று அவற்றை உரசி இழுத்துச் சுழற்றுகிறது. காற்றின் சக்தியில் பாதியைத் திரும்ப எடுத்துக் காட்டுவதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முப்பது சதவீதம்தான் வருகிறது.

இன்று வேகத்தைக் கூட்டினோம். ஒரு தகடு பிய்ந்து, அதன் துண்டு மூடியை உடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியின் முதுகில் செருகி நின்றது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் காபி எடுக்கப் போயிருந்தேன்.

உடன் வேலை செய்யும் ஒர்னெல்லா சிரித்தாள். "டேய் மிலுட்டின், நூறு வருஷம் முன்னாடி இதைக் கண்டுபிடிச்சவன் உங்க இனத்து ஆளுதானே? ஆவியா உன்னைப் பார்க்க வந்திருக்கான், நீ காபி குடிக்கப் போயிட்டே!" சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைச் சுவர்வரை தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் துண்டைப் பிடுங்கிப் பார்த்தார். "தகடுதான் மோசம்ப்பா, கணக்கு சரி. புதுசு போட்டு இன்னும் வேகமா ஓட்டுவோம். நாற்பதைத் தொட்டுடலாம்."

வெள்ளிக்கிழமை ஓட்டுகிறோம். பக்கத்தில் நின்று அளவெடுப்பவன் நான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

கவலைப்படாதே. நாற்காலியை மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் புதன்கிழமை அங்கிருந்து திரும்புகிறார். அவரிடம் நீ செய்யும் அய்வார் மிளகாய்த் துவையல் ஒரு சீசா கொடுத்தனுப்பு. தம்பியின் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டையும் அனுப்பு, முகக்கண்ணாடி உள்ளதை. கூடத்தில் காற்று பலமாக அடிக்கிறது. தலையில் ஊதக்காற்று படக்கூடாது என்று நீதானே சொல்வாய்.

பஸ் கிளம்புகிறது. அய்வாரை மறந்தாலும் பரவாயில்லை, அம்மா.

உன் மிலுட்டின்