பதினான்காம் மாடியில் வயிற்றுப் புண்

என் மகள் ரூயிங்குக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே, டொரண்டோவில் பனி விட்டதா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார் என்று போனவாரம் ஃபோனில் சொன்னேனே, அது பொய். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வயிற்றில் கட்டி, கெட்ட கட்டி. அன்றைக்கு பான் டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னையும் உன் அண்ணன் ஜிங்போவையும் மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். எல்லா வீட்டிலும் செய்கிறதைத்தான் நாங்களும் செய்தோம், வெறும் புண் என்று அவரிடம் சொல்லிவிட்டோம். பதினான்காம் மாடியில் ஏன் படுக்கவைத்தீர்கள் என்று கேட்டார். புண் வார்டில் இடமில்லை என்றான் ஜிங்போ. சரி என்று தலையாட்டினார். உன் பெரிய அத்தை உப்பில்லாத கோழிச்சாறு கொண்டுவந்து தலைமாட்டில் ஒரே அழுகை, காரியத்தையே கெடுக்கப் பார்த்தாள். என் கல்யாணத்தன்றும் அவள் அப்படித்தான் அழுதாள், நான் மறக்கவில்லை.

நான் வழக்கம்போல் திட்டாமல் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று தினமும் திட்டினேன் ரூயிங். புண்ணுக்குப் போய் இவ்வளவு முனகலா, பிள்ளை பெற்ற நானே இப்படிக் கத்தவில்லை என்றேன். அந்த மனிதர் வலியோடு சிரித்தார். அதை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மதியம் வெந்நீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால், காலையில் பெரிய டாக்டர் பின்னால் கூட்டமாக வருகிற மாணவர்களில் ஷென் என்கிற பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் வெள்ளைக்காரப் பாதிரிகள் கட்டிய ரெண்டு செங்கல் வீடுதான் இருந்ததாம், கண்ணைப் பிடுங்கி மருந்து செய்வார்கள் என்று பயந்து இவருடைய அம்மா அந்தத் தெருப் பக்கமே போகமாட்டாளாம். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரம், தூரத்துக் குய்ஜோ மாகாணத்திலிருந்தும் ராத்திரி ரயிலேறி வருகிறார்கள், ஈரலையே மாற்றி வைக்கிறார்கள், நாலு கை இயந்திரத்தை விட்டுச் சின்னத் துளை வழியாக அறுக்கிறார்கள் என்று தானே கட்டிவிட்ட மாதிரி பெருமை. அப்புறம் சொன்னார், "முப்பது வருஷம் இங்க கொதிகலன்ல வெந்நீர் காய்ச்சினவன்மா நான். எந்த மாடியில எந்த நோயின்னு எனக்கா தெரியாது? என் மவன் புண்ணுன்னு சொல்றான், சொல்லிட்டுப் போறான். என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாம். பாவம், அவளையும் ஏமாத்தி வச்சிருக்கான்." பாட்டிக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள் தாத்தா என்று அந்தப் பெண் கேட்டாள். "அவ திட்டறாளே, அதுலயே தெரியலயா? தெரிஞ்சிருந்தா இப்படித் திட்டுவாளா? அறுக்கறப்போ நீயும் நின்னு நல்லாப் பாத்துக்கம்மா, நாளைக்கு உன் கையால நாலு பேர் பொழைக்கட்டும். வெளிநாட்டுல இருக்கற எம் பொண்ணுக்கும் யாரும் சொல்லிடாதீங்க, ஓடியாந்துடுவா."

பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய், வாயாடாமல் படுங்கள் என்று திட்டினேன். வேறு என்ன செய்ய. நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவரிடம் பொய் சொன்னது போதும், உன்னிடமும் சொல்ல என்னால் ஆகாது. முன்னோர் கல்லறை துடைக்கும் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அறுக்கிறார்கள். பான் டாக்டர் பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் வந்துவிடு. ஜிங்போ சொல்லவேண்டாம் என்றான், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபோனில் கேட்காதே, அவர் பக்கத்திலேயே இருப்பார்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஒன்று மறக்காதே. பண்டிகைக்கு லீவு கிடைத்தது, அதனால் வந்தேன் என்று அவரிடம் சொல். நம்பின மாதிரி இருப்பார். நான் உன்னை, இவ்வளவு காசு செலவழித்து எதற்கு வந்தாய் என்று அவர் எதிரே திட்டுவேன். பொறுத்துக்கொள்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா