பக்லாவா செய்து பார்த்த விவரம்

ஆலங்குடி
14-3-1964

அன்பு மகன் ரத்தினவேலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் சொர்ணவல்லியும் உடம்பளவிலாவது தேறிவரப் பிரகதாம்பாள் அருள வேண்டும்.

எட்டாம் மாதத்தில் குழந்தை தவறியதிலிருந்து சொர்ணவல்லி சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடியே இருக்கிறாள், இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை என்று எழுதிவிட்டு, மாசமாக இருந்தபோது அவள் ஆசையாகத் தின்ற அந்த அரபு நாட்டு இனிப்பு, பக்லாவாவை வீட்டிலேயே செய்ய முடியுமா அப்பா என்று கேட்டிருந்தாய். கடையில் வாங்கியதை அவள் தொடவில்லை, முன்பு செய்து கொடுத்த பக்கத்து வீட்டு டமாஸ்கஸ் அம்மாளும் ஊருக்குப் போய்விட்டாள் என்றும் கண்டேன். குவைத்தில் இருந்துகொண்டு ஆலங்குடியில் கேட்கிறானே என்று முதலில் திகைத்தேன். தை மாதம் சொர்ணவல்லி தன் அத்தையான உன் அம்மாவுக்கு அதன் செய்முறையை இரண்டு பக்கம் எழுதியிருந்தது பிறகுதான் நினைவு வந்தது. வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்த நான் செய்து பார்த்துவிட்டால் உனக்கு நிச்சயம் கைவரும் என்று தேடி எடுத்தேன். உன் அம்மா, செய்தி வந்த நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் போகவில்லை. பேரப்பிள்ளைக்கென்று கோத்து வைத்திருந்த வசம்பு வளையலை எங்கே எடுத்து வைத்தாளோ, நான் கேட்கவில்லை. நான் வடிக்கும் சோறும் பின்தெரு ரசியா பேகம் கொடுத்தனுப்பும் குழம்புமாகப் பொழுது போகிறது.

மைதாவில் சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வை. பிறகு சிறு உருண்டைகளாக்கித் தேய்க்க வேண்டும். கீழே கடிதத்தை வைத்தால் எழுத்துத் தெரிகிற அளவு மெல்லிசாக வேண்டும் என்று அவள் எழுதியிருக்கிறாள். என்னுடைய முதல் தகட்டுக்கு அடியில் செய்தித்தாளின் தலைப்பு எழுத்துக்கூடத் தெரியவில்லை. கீழே பத்துத் தகடு, ஒவ்வொன்றின் மேலும் நெய், நடுவில் ஒன்றிரண்டாக இடித்த பருப்பு, மேலே பத்து. நான் நம் ஊர் முந்திரி போட்டேன், நீ அங்கே கிடைக்கும் அக்ரூட் போடு. வேகும் முன்பே அடிவரை கத்தியால் வெட்டிவிடு, வெந்தபின் வெட்டினால் நொறுங்கும். உங்கள் வீட்டு அடுப்பில் வேகவைக்கும் பெட்டி இருக்கிறது. இங்கே அது இல்லாததால் ரசியா பேகம் தன் வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும் தட்டைக் கொண்டுவந்து, கீழேயும் மூடிமேலும் கரி போட்டுத் தந்து, வாத்தியாரய்யா, இது கணக்குப் பாடமில்ல, கண்ணை அங்கிட்டு இங்கிட்டு விடாதீங்க என்று சொல்லிப் போனார். நான் விட்டேன். ஓரம் கருகிவிட்டது. பதற்றத்தில், மேலே ஊற்றுவதற்கென்று தண்ணீர் கலந்து கொதித்துக்கொண்டிருந்த தேன்பாகைச் சுடச்சுட அதன்மேல் ஊற்றினேன். சற்று நேரத்தில் இருபது தகடும் ஒன்றாகிக் களியாகிவிட்டது.

உள்ளேயிருந்து உன் அம்மா, என்னத்தைங்க கருக்குறீங்க, தெருவே நாறுது என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள். கொதிக்கிற பண்டத்துல கொதிக்கிற பாகை யாராச்சும் ஊத்துவாகளா, ஒண்ணு ஆறியிருக்கணும்ல, முப்பது வருசம் பாடஞ் சொன்ன மனுசன் என்று என்னைத் திட்டிவிட்டு உட்கார்ந்து புதிதாக மாவு பிசைந்தாள். ஆகவே பண்டம் சூடாகவும் தேன்பாகு ஆறியும் இருக்கட்டும். காய்ந்த வயல் முதல் மழையைக் குடிப்பதுபோல் உறிஞ்சிக்கொள்ளும், தகடும் தகடாகவே நிற்கும்.

தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் அவள் ஒன்று சொன்னாள். அதை எழுதுமுன் உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு முன் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து பதினோரு நாள் இருந்தாள். அவள் போன மறுநாள் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன், நான் போய்விட்டேன். மாலையில் ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கிவந்து உன் அம்மாவின் தலைமாட்டில் வைத்து, சாப்பிடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்படியே பல நாள். இப்போது அவள் சொன்னது, பழமெல்லாம் கறுத்துப் போச்சுங்க, நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேன்னுதான் நா எந்திரிக்கல என்பது. பள்ளியில் மேப் வைக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுததைச் சொன்னேன். இருபத்தாறு வருடம் கழித்துச் சொன்னேன். அதை எங்கிட்ட வந்து அழுதிருக்கலாம்ல என்றாள்.

இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. பாதியை ரசியா பேகத்துக்கு அவர் தட்டிலேயே வைத்துக் கொடுத்தோம். நான் ஒரு துண்டு தின்றேன். உன் அம்மா தின்னவில்லை, கை கழுவிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். இந்தப் பலகாரம் சொர்ணவல்லியை எழுப்பிவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். மருமகளுக்கு எங்கள் இருவர் ஆசியும். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விடாமல் வெகுகாலம் வாழ வேண்டும். செய்து தலைமாட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடாதே. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, மாவையும் கட்டையையும் அவள் படுத்திருக்கும் அறைக்கே எடுத்துப்போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தேய்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆத்மநாதன்